ஒரு கரண்டி சாம்பார் எத்தனை மில்லிலிட்டர்? இளநிலை மாணவருக்கு ஊட்டச்சத்து ஆராய்ச்சி ஓர் அறிமுகம்

இளநிலைப் படிப்பின் கடைசிப் பருவத்தில் கல்லூரி வாசலில் இருக்கும் ஜெராக்ஸ் கடைகளில் கூட்டம் நெரியும். ரெக்சின் அட்டையில் பொன்னிற எழுத்தில் தலைப்புப் பொறித்து, மூன்று படிகள் பைண்டிங் செய்து மாணவர்கள் வாங்கிக்கொண்டு போகும் அந்தத் தொகுப்புக்குப் புராஜெக்ட் என்று பெயர். அவற்றில் பெரும்பாலானவை ஆராய்ச்சி அல்ல என்பதை, அத்தகைய ஒன்றைத் தயாரித்துப் பட்டம் வாங்கியவன் என்ற உரிமையில் சொல்கிறேன். முந்தைய ஆண்டு மாணவர் எழுதியதில் ஊரின் பெயரையும் ஆண்டையும் மாற்றி, நடுவில் நான்கு வட்ட வரைபடங்களைச் சேர்த்தால் தேர்வு விதி நிறைவேறிவிடுகிறது. ஆனால், யாருக்கும் புதிதாக எதுவும் தெரியவருவதில்லை.

ஆராய்ச்சி என்பது, விடை இன்னும் தெரியாத ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, அந்த விடையை எந்த வழியில் தேடப்போகிறோம் என்பதை முன்கூட்டியே எழுதிவைத்து, அந்த வழியில் கிடைத்தது நமக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அதை அப்படியே பதிவு செய்வதாகும். இந்த விளக்கத்தில் பட்டமோ வயதோ எங்கும் வரவில்லை. மனையியல், உணவு ஊட்டவியல், மருத்துவம், செவிலியம், உயிர்வேதியியல், புள்ளியியல் என்று எந்தத் துறையில் இளநிலை படிப்பவரும் ஊட்டச்சத்து, உடல்நலம் சார்ந்த ஆராய்ச்சியில் பங்கெடுக்கலாம். "எனக்கு என்ன தெரியும், நான் என்ன கண்டுபிடித்துவிடப் போகிறேன்?" என்ற தயக்கம் மட்டும் எல்லாரிடமும் இருக்கிறது.

அந்தத் தயக்கத்துக்கு 1921ஆம் ஆண்டின் டொரான்டோவில் ஒரு பதில் இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் உடலியலும் உயிர்வேதியியலும் படித்து அப்போதுதான் இளநிலைத் தேர்வு முடித்திருந்த, 22 வயதுடைய சார்லஸ் பெஸ்ட் என்னும் மாணவர், அந்தக் கோடை விடுமுறையில் ஃபிரெடெரிக் பான்டிங் என்னும் அறுவை மருத்துவருக்கு உதவியாளராகச் சேர்ந்தார். அவரும் அவருடைய வகுப்புத் தோழர் ஒருவரும், யார் முதலில் போவது என்பதை நாணயம் சுண்டித் தீர்மானித்ததாகச் சொல்லப்படுகிறது. அந்தக் கோடையின் வேலைதான் நீரிழிவுக்கு மருந்தாகும் இன்சுலினுக்கு வழி திறந்தது. 1923இல் நோபெல் பரிசு பான்டிங்குக்கும் ஆய்வகத் தலைவர் மெக்லியோடுக்கும் வழங்கப்பட்டபோது, பான்டிங் தம் பங்கில் பாதியைப் பெஸ்டுக்குக் கொடுத்தார். ஆனால், இந்தக் கதையில் நமக்கு வேண்டியது பரிசு அன்று. ஆய்வில் பயன்படுத்திய நாய்களுக்கு அறுவை செய்தவர் பான்டிங். அவற்றின் இரத்தத்திலும் சிறுநீரிலும் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று அளந்து சொன்னவர் பெஸ்ட். அந்த அளவு தவறியிருந்தால், நாய்களுக்குச் செலுத்திய கணையச் சாறு வேலை செய்ததா இல்லையா என்பதே தெரிந்திருக்காது. ஒரு மாணவரின் இடம் பெரும்பாலும் இதுதான்: சரியாக அளப்பது. ஊட்டச்சத்து ஆராய்ச்சியிலோ, அளப்பதுதான் எல்லாவற்றிலும் கடினமானது.

ஒருவர் நேற்று என்ன சாப்பிட்டார்?

சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் அளக்கக் கருவி உண்டு. ஒருவர் உண்ட உணவை அளக்க அப்படி ஒரு கருவி இல்லை. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு மிகுதியாகப் பயன்படும் வழி, கடந்த 24 மணி நேரத்தில் உண்டதையும் குடித்ததையும் நினைவுகூரச் செய்வது. ஆய்வுத் துறையில் இதை டயட் ரீகால் என்றே சொல்வார்கள். காதில் விழும்போது இதைவிட எளிய வேலை இருக்க முடியாது என்று தோன்றும். ஒரு நேர்காணல் எப்படிப் போகும் என்று பாருங்கள்.

"நேத்து காலைல எழுந்ததும் என்னம்மா சாப்பிட்டீங்க?"

"ஒண்ணும் சாப்பிடலப்பா. வெறும் டீதான்."

"அதுக்கப்புறம்?"

"வழக்கம்போலத்தான். ரெண்டு இட்லி. மத்தியானம் சோறு, சாம்பாரு. ராத்திரியும் அதேதான்."

ஒன்றும் சாப்பிடவில்லை என்று சொன்ன அந்தத் தேநீரில் பாலும் இரண்டு கரண்டிச் சர்க்கரையும் இருக்கின்றன. இட்லிக்குத் தொட்டுக்கொண்ட சட்னியில் தேங்காயும் தாளித்த எண்ணெயும் இருக்கின்றன. இன்னும் ஐந்து நிமிடம் பொறுமையாக உட்கார்ந்து, "இடையில ஏதாவது வாயில போட்டீங்களா?" என்று கேட்டால், பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்துவிட்டுப் பள்ளிக்கு ஓடிய ஒன்றரைத் தோசை வெளியே வரும். வீணாகக் கூடாது என்று எடுத்து வாயில் போட்டுக்கொண்டதை அவர் தம்முடைய சாப்பாடாகவே கருதுவதில்லை. இதைப் பொய் என்று சொல்ல முடியாது; அவருடைய கணக்கில் அது உண்மையாகவே இல்லை. இதனால்தான், பயிற்சி பெற்ற நேர்காணலாளர் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கேட்பதில்லை. முதலில் அவர் போக்கில் சொல்லவிட்டுப் பட்டியல் எடுப்பார். பிறகு, பொதுவாக மறந்துபோகும் தின்பண்டங்கள், பானங்கள், மிச்சங்கள் ஆகியவற்றை நினைவூட்டுவார். அடுத்து, எந்த நேரத்தில் எங்கே உண்டார் என்று கேட்பார். அதன்பின் ஒவ்வொன்றின் அளவையும் சமைத்த விதத்தையும் கேட்டு, கடைசியில் முழுவதையும் படித்துக்காட்டி, விட்டுப்போனது உண்டா என்று உறுதிப்படுத்திக்கொள்வார்.

அளவு என்று வரும்போது அடுத்த சிக்கல் தொடங்குகிறது. ஒரு கரண்டி சாம்பார் என்றால் எத்தனை மில்லிலிட்டர்? ஒரு வீட்டின் குழம்புக் கரண்டி 40 மில்லிலிட்டர் பிடிக்கும். பக்கத்து வீட்டுக் கரண்டி 80 பிடிக்கும். எனவே, அளவு குறித்த கிண்ணங்களையும் கரண்டிகளையும் கையோடு கொண்டுபோய், "நீங்க ஊத்திக்கிட்டது இதுல எவ்வளவு?" என்று காட்டிக் கேட்க வேண்டும், அல்லது, அந்த வீட்டுக் கரண்டியிலேயே தண்ணீரை மொண்டு அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்துவிட வேண்டும்.

அளவு தெரிந்த பிறகும் வேலை முடிவதில்லை. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவுப் பகுப்பு அட்டவணைகளில் 528 உணவுப் பொருள்களின் சத்து விவரங்கள் இருக்கின்றன. ஆனால், அங்கே இருப்பது பெரும்பாலும் துவரம்பருப்பு; சாம்பார் அன்று. சமைக்காத பொருளுக்குத்தான் எண்கள் கிடைக்கும் என்பதால், அந்த வீட்டில் அன்று எவ்வளவு பருப்புப் போட்டார்கள், சாம்பார் மொத்தம் எவ்வளவு வந்தது என்பதைக் கேட்டாக வேண்டும். 150 கிராம் பருப்பில் 2 லிட்டர் சாம்பார் வந்து, அதில் அந்த அம்மா 200 மில்லிலிட்டர் ஊற்றிக்கொண்டிருந்தால், அவருக்குக் கிடைத்தது பத்தில் ஒரு பங்கு, அதாவது 15 கிராம் பருப்பு. எண்ணெயை இப்படிக் கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. அதற்கு மாதக் கணக்கே பொருத்தமானது: நான்கு பேர் உள்ள வீட்டில் 30 நாளைக்கு 3 லிட்டர் எண்ணெய் செலவானால், ஆளுக்கு ஒரு நாளைக்கு 25 மில்லிலிட்டர். உப்புக்கும் இதே கணக்கைப் போடலாம் என்று ஒரு மாணவி ஒருமுறை போட்டுவிட்டு, ஆளுக்கு 14 கிராம் வருகிறது என்று பதறிக்கொண்டு வந்தார். ஒரு நாளைக்கு 5 கிராமுக்கு மிகக் கூடாது என்பது பரிந்துரை. விசாரித்ததில், அந்த வீட்டில் மீன் கழுவுவதும் ஊறுகாய் போடுவதும் அதே உப்பில்தான் என்று தெரிந்தது.

ஒரு நாள் நினைவு ஒரு நாளைத்தான் காட்டும். வெள்ளிக்கிழமை கேட்டால் வியாழனின் சாப்பாடு கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமையின் ஆட்டுக்கறி கிடைக்காது. நீண்ட நாள் பழக்கத்தை அறிய, உணவு நிகழ்வெண் வினாப்படிவத்தைப் பயன்படுத்துகிறார்கள்: எந்த உணவை வாரத்துக்கோ மாதத்துக்கோ எத்தனை முறை உண்கிறீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்பது. சென்னையில் 26,001 பெரியவர்களைச் சேர்த்து நடந்த நகர்ப்புற, ஊரக நீரிழிவு ஆய்வுக்காக உருவாக்கிய அத்தகைய படிவத்தில் 222 உணவு வகைகள் இருந்தன. எந்த முறையைக் கைக்கொண்டாலும், மக்கள் தாம் உண்டதைக் குறைத்துச் சொல்லும் போக்கு உண்டு என்பது, உடல் உண்மையில் செலவழிக்கும் ஆற்றலை வேதியியல் முறையில் அளந்து ஒப்பிட்ட ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் தெரியவந்திருக்கிறது.

இந்த இடத்தில்தான் இளநிலை மாணவருக்கு, எந்த வெளிநாட்டு நிபுணருக்கும் இல்லாத தகுதி ஒன்று இருக்கிறது. பழைய சோறு, களி, கூழ், சுண்டல், ஒரு பிடி, ஒரு உழக்கு என்பவை எதைக் குறிக்கின்றன, எந்தக் கேள்வியை எந்தத் தொனியில் கேட்டால் முகம் சுளிக்காமல் பதில் வரும் என்பதெல்லாம் அவருக்குப் பாடப்புத்தகம் இல்லாமலேயே தெரியும்.

கொண்டையின் உயரம்

உடல் அளவுகள் உணவைவிட எளியவைதான். ஆனால், எளியவை என்று நினைப்பதால்தான் அவற்றில் தவறு நுழைகிறது. ஒரு பெண்ணின் எடை 55 கிலோ, உயரம் 152 செ.மீ. என்றால், அவருடைய உடல் நிறைக் குறியீடு, அதாவது கிலோவில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது, 23.8. ஆசிய மக்களுக்கு 23 முதல் கூடுதல் எடை என்று கொள்வது வழக்கம். ஆகவே, அவர் கூடுதல் எடைப் பிரிவில் வருவார். அவர் தலையில் கொண்டை போட்டிருந்து, அளவுகோலின் பலகை அந்தக் கொண்டையின் மேல் அமர்ந்து, உயரம் 155 செ.மீ. என்று பதிவானால், குறியீடு 22.9 ஆகிவிடும், அதாவது, இயல்பான எடை. மூன்று செ.மீ. முடி ஒருவரை ஒரு பிரிவிலிருந்து மற்றொரு பிரிவுக்குத் தூக்கிப் போட்டுவிடுகிறது. பத்துப் பேரில் நால்வருக்கு இப்படி நேர்ந்தால், ஊரில் கூடுதல் எடை உள்ளவர்கள் குறைவு என்று நம் அறிக்கை பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கும்.

நான் மாணவனாக இருந்தபோது ஓர் அங்கன்வாடியில் குழந்தைகளை எடைபோட்டேன். தொங்கும் தராசில் துணித் தொட்டிலைக் கட்டிய பிறகு முள்ளைப் பூச்சியத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும், முதல் நாள் பரபரப்பில் மறந்துவிட்டேன். தொட்டில் துணியின் எடை 300 கிராம். ஒன்பது கிலோ குழந்தைக்கு அது சிறிய பிழை அன்று. ஊட்டக்குறைவுள்ள குழந்தையை நலமுள்ள குழந்தையாகக் காட்டப் போதுமானது. எண்களில் 300 கிராமைக் கழித்துவிட்டால் போயிற்று என்று வாதாடிப் பார்த்தேன். எந்தக் குழந்தைக்கு முள் எங்கே இருந்தது என்று எழுதி வைத்திருக்கிறாயா என்று என் வழிகாட்டி ஒரே ஒரு கேள்வி கேட்டார். எல்லாக் குழந்தைகளையும் மறுநாள் மீண்டும் எடைபோட்டேன். அங்கன்வாடிப் பணியாளர் அக்கா அன்று என்னிடம் அதிகம் பேசவில்லை.

இரத்தச் சோகையை அளப்பதிலும் இப்படிப்பட்ட நுணுக்கங்கள் உண்டு. கருவுறாத பெண்களுக்கு ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 12 கிராமுக்கும் குறைந்தால் இரத்தச் சோகை என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்திருக்கிறது. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கும், இந்திய அளவில் 57 விழுக்காட்டினருக்கும் இரத்தச் சோகை இருந்தது. அந்த ஆய்வில் இரத்தம் விரல் நுனியில் குத்தி எடுக்கப்பட்டது. துளி வரவில்லை என்று விரலை அழுத்திப் பிழிந்தால், திசுநீரும் கலந்து அளவு மாறிவிடும் என்பதால், சிரையிலிருந்து எடுக்கும் இரத்தத்தோடு ஒப்பிட்டு இந்த எண்களைப் பற்றிய விவாதம் ஆய்வாளர்களிடையே நடந்துவருகிறது. பாதிப் பேருக்குச் சோகை என்ற செய்தியின் அடியில், ஒரு விரலை எப்படிக் குத்தினார்கள் என்ற கேள்வி இருக்கிறது.

கேள்வியைச் சுருக்குவது

முதல்முறை வரும் மாணவர் பொதுவாகக் கொண்டுவரும் தலைப்பு, "கல்லூரி மாணவியரிடையே ஊட்டச்சத்து நிலையும் உடல்நலமும்" என்பது போல இருக்கும். இதற்கு ஒரு வாழ்நாள் வேண்டும். ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு இதைச் சுருக்கிப் பார்ப்போம். பெண்களுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் இரும்புச் சத்து வேண்டும் என்பது 2020இல் வெளியான இந்தியப் பரிந்துரை. தேநீரிலும் காபியிலும் உள்ள பாலிஃபீனால்கள் என்னும் வேதிப்பொருள்கள், உணவோடு சேர்த்தோ உண்ட உடனேயோ குடித்தால், தாவர உணவிலிருந்து இரும்பு உறிஞ்சப்படுவதைக் குறைக்கின்றன. எனவே, "எங்கள் விடுதி மாணவியரில், சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்குள் தேநீரோ காபியோ குடிப்பவர்கள் எத்தனை விழுக்காட்டினர்?" என்று கேட்கலாம். இதற்கு இரத்தம் வேண்டியதில்லை, பெரும் பணம் வேண்டியதில்லை, இரண்டு மாதத்தில் விடை கிடைக்கும், கிடைக்கும் விடையைக் கொண்டு விடுதியின் தேநீர் நேரத்தை மாற்றவும் முடியும்.

உடனே ஆர்வம் பெருகி, தேநீர் குடிப்பவருக்கு ஹீமோகுளோபின் குறைவாக இருக்கிறதா என்றும் பார்த்துவிடலாமே என்று தோன்றும். பார்க்கலாம், ஆனால், வரும் விடையை எப்படிப் படிப்பது என்பதில் கவனம் வேண்டும். ஒரே நாளில் இரண்டையும் கேட்டு, அளந்து முடிக்கும் குறுக்குவெட்டு ஆய்வில், தேநீர் குடிக்கும் மாணவியருக்கே ஹீமோகுளோபின் கூடுதலாக இருப்பதாகத் தெரியவரலாம். அதைக் கண்டு, தேநீர் இரத்தத்துக்கு நல்லது என்று எழுதிவிடக் கூடாது. சோகை இருக்கிறது என்று முன்பே தெரிந்தவர்களிடம் மருத்துவர் தேநீரை விடச் சொல்லியிருப்பார், அவர்கள் விட்டிருப்பார்கள். தேநீரை விட்டதால் சோகை வந்தது என்பதில்லை. சோகை வந்ததால் தேநீரை விட்டார்கள். எது முன்னால் நடந்தது என்பது ஒரே நாளில் எடுத்த விவரத்துக்குத் தெரியாது. நாளிதழ்களில் "இதைச் சாப்பிட்டால் அந்த நோய் வராது" என்று வரும் செய்திகளில் பாதி, இந்த ஓரிடத்தில்தான் தடுக்கி விழுகின்றன.

எத்தனை பேரைக் கேட்க வேண்டும் என்பதற்கு நம் கல்லூரிகளில் புழங்கும் ஓர் எளிய சூத்திரம் உண்டு. எதிர்பார்க்கும் விழுக்காட்டையும் நூறில் அதன் மீதியையும் நான்கையும் ஒன்றோடொன்று பெருக்கி, நாம் ஏற்கத் தயாராக இருக்கும் பிழையின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். ஒரு பழக்கம் 53 விழுக்காட்டினரிடம் இருக்கும் என்று எதிர்பார்த்தால், 53, 47, 4 ஆகியவற்றின் பெருக்கல் 9,964. பிழை பத்து விழுக்காட்டுப் புள்ளிகள் வரை இருக்கலாம் என்றால் அதை 100ஆல் வகுத்து ஏறத்தாழ 100 பேர். ஐந்து புள்ளிகள்தான் இருக்கலாம் என்றால் 25ஆல் வகுத்து 399 பேர். பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு உழைக்க வேண்டும் என்பது இந்தச் சிறு கணக்கிலேயே தெரிந்துவிடுகிறது. ஆனால், அந்த 399 பேரும் விடுதிப் பதிவேட்டிலிருந்து குலுக்கல் முறையில் எடுக்கப்பட்டவர்களாக இருக்க வேண்டும். கூகுள் படிவத்தை வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்பி, பொழுதுபோகாமல் நிரப்பிய 800 பேரை வைத்துக்கொண்டு இந்தச் சூத்திரத்தைப் போடுவதில் பொருள் இல்லை.

ஒப்புதல் என்றால் கையெழுத்து மட்டும் அன்று

மனிதர்களிடம் விவரம் திரட்டும் எந்த ஆய்வும், தொடங்கும் முன்பே நிறுவன நெறிமுறைக் குழுவின் அனுமதியைப் பெற வேண்டும். மாணவருடைய ஆய்வுக்கும் இது பொருந்தும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட தேசிய நெறிமுறைகள் இதற்கு அடிப்படை. மாணவர்கள் இதை ஒரு காகிதத் தொல்லையாகவே பார்க்கிறார்கள். ஊட்டச்சத்து ஆராய்ச்சியில் யாருக்கு என்ன தீங்கு வந்துவிடப் போகிறது, சாப்பாட்டைப் பற்றித்தானே கேட்கிறோம் என்பது அவர்கள் வாதம்.

1942 முதல் 1952 வரை கனடாவில், பூர்வகுடிப் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்து வைத்திருந்த உறைவிடப் பள்ளிகள் சிலவற்றில் ஊட்டச்சத்து ஆய்வுகள் நடந்தன. அந்தப் பிள்ளைகள் ஏற்கெனவே அரைவயிற்றில் இருந்தார்கள் என்பதை ஆய்வாளர்கள் அறிந்திருந்தார்கள். ஒரு பள்ளியில், பாலைக் கூட்டிக் கொடுத்தால் என்ன மாற்றம் வரும் என்று பார்ப்பதற்காக, அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகள் பாலைக் குறைந்த அளவிலேயே வைத்திருந்தார்கள். ஈறுகளின் நிலை ஓர் அளவுகோல் என்பதால், சில பள்ளிகளில் பல் மருத்துவத்தையே நிறுத்திவைத்தார்கள். பிள்ளைகளிடமோ பெற்றோரிடமோ யாரும் ஒப்புதல் கேட்கவில்லை. வரலாற்றாய்வாளர் இயன் மோஸ்பி 2013இல் இதை ஆவணங்களோடு வெளிக்கொண்டுவந்தார். சாப்பாட்டைப் பற்றிய ஆய்வுதான் அது.

நம் விடுதி ஆய்வில் அத்தகைய கொடுமை நேராது என்றாலும், சிறிய வடிவில் அதே கேள்விகள் எழும். பேராசிரியர் வகுப்புக்குள் வந்து படிவத்தைக் கொடுத்து, "விருப்பம் உள்ளவர்கள் நிரப்புங்கள்" என்று சொன்னால், மறுத்து எழுந்து போகும் துணிவு எந்த மாணவிக்கு இருக்கும்? முதலாண்டு மாணவியரில் பலருக்கு 17 வயதுதான் ஆகியிருக்கும். அவர்கள் விஷயத்தில் பெற்றோரின் ஒப்புதலும், அதற்கு மேல் அந்த மாணவியின் சம்மதமும் வேண்டும். ஒருவருக்கு ஹீமோகுளோபின் 7 கிராம் என்று வந்துவிட்டால், எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிட முடியாது. 8க்குக் கீழே கடுமையான சோகை. அவரை எந்த மருத்துவமனைக்கு அனுப்புவது, யார் உடன் போவது, விடுதியில் மற்றவருக்குத் தெரியாமல் எப்படிச் சொல்வது என்பதையெல்லாம் முதல் ஊசி குத்தும் முன்பே எழுதிவைத்திருக்க வேண்டும்.

எண்கள் கணினிக்குள் போகும்போது

எக்ஸெல்லில் பதியும்போது புள்ளி விட்டுப்போய் 55.0 என்பது 550 ஆகிவிடும். ஒருவர் உயரத்தை அடியில் சொல்லியிருப்பார், மற்றவர் செ.மீ.யில். பதில் இல்லை என்பதற்கு 99 என்று குறித்துவிட்டு, பிறகு அதை மறந்து சராசரி எடுத்தால், கல்லூரி மாணவியரின் சராசரி வயது 27 என்று வரும். இவையெல்லாம் திருத்தக்கூடியவை. திருத்த முடியாத ஒன்று, மரத்தடியில் உட்கார்ந்துகொண்டு மாணவர் தாமே நிரப்பும் படிவம். வெயில், பூட்டிய வீடுகள், நாளை தேர்வு என்று காரணங்கள் இருக்கும். ஆனால், கற்பனையாக எழுதும் எண்கள் தம்மைக் காட்டிக்கொடுத்துவிடும். உண்மையாக அளந்த எடைகளின் கடைசி இலக்கத்தில் 0 முதல் 9 வரை எல்லாம் ஏறத்தாழச் சமமாக வரும். மரத்தடியில் பிறந்த எடைகளில் 0வும் 5உம் குவிந்து கிடக்கும். கூடவே, நேர்காணலில் யாருமே "தெரியல", "மறந்துட்டேன்" என்று சொல்லியிருக்க மாட்டார்கள். குறைகள் உள்ள விவரத்தைத்தான் வழிகாட்டிகள் நம்புகிறார்கள்.

எங்கே தொடங்குவது?

உங்கள் துறையில் ஏற்கெனவே ஆய்வு செய்துகொண்டிருக்கும் ஆசிரியரிடம் போவதுதான் நேர்வழி. அவருடைய கட்டுரை ஒன்றையாவது படித்துவிட்டு, "வாரத்தில் ஆறு மணி நேரம் என்னால் தர முடியும், களப்பணிக்கு வருகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். "ஆராய்ச்சியில் ஆர்வம் உள்ளது" என்று எழுதும் நீண்ட மின்னஞ்சலைவிட அது வேலை செய்யும். மருத்துவ, பல் மருத்துவ மாணவர்களுக்காக, இரண்டு மாத அளவில் தாமே ஓர் ஆய்வைத் திட்டமிட்டுச் செய்து முடிக்கும் உதவித்தொகைத் திட்டத்தை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1979 முதல் நடத்திவருகிறது. அறிவியல் மாணவர்களுக்கு இந்தியாவின் அறிவியல் அகாடமிகள் மூன்றும் இணைந்து வழங்கும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகையும், தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் மாணவர் செயல்திட்ட நிதியும் உள்ளன. ஆய்வு முறைகளை முறையாகக் கற்க, சென்னையில் உள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் இணையவழிப் பாடம் நடத்துகிறது. பணம் கட்டினால் ஒரே வாரத்தில் கட்டுரையை வெளியிடுவதாக மின்னஞ்சல் அனுப்பும் இதழ்களை மட்டும் தொடாதீர்கள்.

வாய்ப்பெல்லாம் பெருநகரங்களில்தான் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. இன்று ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், 1918இல் நீலகிரியின் குன்னூரில், பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில், வைட்டமின் பி1 குறைவால் வரும் பெரிபெரி நோயை ஆராய ராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவர் தொடங்கியதுதான்; 1958இல்தான் ஐதராபாத்துக்குப் போனது. பம்பாய் ஆலைகளில் வேலை செய்த கருவுற்ற பெண்களுக்கு வந்த ஒருவகைச் சோகையின் காரணத்தைத் தேடி வந்த லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவர், குன்னூரிலும் சென்னையிலும் பணிபுரிந்தார். ஈஸ்ட்டிலிருந்து செய்யும் மார்மைட் என்னும் மலிவான பண்டம் அந்தச் சோகையைக் குணப்படுத்துகிறது என்று 1931இல் வெளியிட்டார். ஃபோலிக் அமிலம் என்னும் வைட்டமினைப் பற்றிய அறிவு அங்கிருந்து வளர்ந்தது. அந்தப் பெண்கள் என்ன உண்கிறார்கள் என்று கேட்டறிவதும் அவருடைய ஆய்வில் ஒரு பகுதியாக இருந்தது.

உங்கள் முதல் ஆய்வில் பெரும்பாலும் எந்தத் தொடர்பும் தென்படாது. தேநீருக்கும் சோகைக்கும் தொடர்பு காணப்படவில்லை என்றால், அதைத்தான் எழுத வேண்டும். எங்கள் துறையின் இரும்பு அலமாரியில் பல ஆண்டுப் புராஜெக்ட் தொகுப்புகள் அடுக்கிக் கிடக்கின்றன. அவற்றை யாரும் எடுப்பதில்லை. அடித்தட்டில் ஓர் அட்டைப் பெட்டி இருக்கிறது. அதில், முன்பு படித்த ஒரு மாணவி சுற்றுவட்டாரக் கிராமங்களில் வீடு வீடாகப் போய் அளந்து வாங்கிவந்த பன்னிரண்டு கரண்டிகளும் நான்கு டம்ளர்களும், ஒவ்வொன்றிலும் எத்தனை மில்லிலிட்டர் என்று நகப்பூச்சால் எழுதிய எண்ணோடு இருக்கின்றன. ஒவ்வோர் ஆண்டும் களப்பணி தொடங்கும் வாரத்தில் அந்தப் பெட்டிக்குத்தான் சண்டை.